மாலையானால் கண் எரிகிறது: தமிழ் மெய்ப்பு வேலைக்கு எந்த மானிட்டர்?

செந்தூல்_மெய்ப்பு:

வணக்கம். தமிழ்ப் பாடநூல், மலர் பக்கங்களை பிடிஎஃப்பில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் திரைமுன். இப்போது மேசையில் இருப்பது 27 அங்குலம், 1080பி (1920 × 1080 பிக்சல்), விஏ பேனல் (எல்சிடி திரை வகைகளில் ஒன்று), ஏழாண்டுப் பழசு. கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 செ.மீ. பிரைட்னஸ் 30இல் வைத்திருக்கிறேன். மேசை மேற்கு ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது, ஏர்கான் எதிர்ச்சுவரில் தலைக்கு மேலே. வயது 44, புரோகிரசிவ் கண்ணாடி.

மாலை ஐந்துக்குப் பிறகு கண் எரிச்சல், நெற்றிப்பொட்டில் வலி, ண-ன பிழைகள் கண்ணில் படாமல் நழுவுகின்றன. 1,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை செலவழிக்கலாம். கேள்விகள் மூன்று. 'லோ புளூ லைட்' (குறைந்த நீல ஒளி) சான்று உள்ளதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? 1440பி (2560 × 1440 பிக்சல்) போதுமா, 4கே (3840 × 2160) வேண்டுமா? வளைந்த திரை கண்ணுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

---

பாயான்_லெப்பாஸ்:

வணக்கம் அக்கா. நீங்கள் கொடுத்த விவரத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. 27 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், ஒரு பிக்சலின் அகலம் 0.31 மி.மீ. நல்ல பார்வை பிரித்தறியும் எல்லை ஒரு பாகைக் கலை, அதாவது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. 60 செ.மீ. தொலைவில் அது 0.175 மி.மீ. ஆக, உங்கள் திரையின் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் அளவில் இருக்கிறது. பிக்சல் மறைய வேண்டுமானால் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார வேண்டும்.

ஆங்கிலம் இதைத் தாங்கிக்கொள்ளும், தமிழ் தாங்காது. 11 புள்ளி எழுத்தை 100 விழுக்காட்டில் பார்த்தால் ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் ஏறக்குறைய 15 பிக்சல். அதற்குள்தான் 'ண'வின் மூன்று சுழியும், 'ணி'யின் கொக்கியும், 'ண்'ணின் புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது இரண்டு பிக்சல், அதுவும் சாம்பல் நிறத்தில். 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பது உச்சியில் ஒரு சின்னச் சுழிப்பு, 'கெ'யையும் 'கே'யையும் பிரிப்பது கொம்பின் தலைப்பில் ஒரு வளைவு. 82 பிக்சலில் அந்தச் சுழிப்பு நிரம்பிப்போய் ஒரு திட்டாகத் தெரியும். வாசிப்பவர் சொல்லை ஊகித்துக் கடந்துவிடுவார், மெய்ப்புப் பார்ப்பவரால் அப்படிக் கடக்க முடியாது. ஒவ்வொரு ஐயத்துக்கும் முன்னால் குனிகிறீர்கள், கண் தசை மறுபடி குவிகிறது. ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்ற அளவுகள்: 24 அங்குல 1080பி ஏறக்குறைய 92 பிக்சல். 27 அங்குல 1440பி 109. 32 அங்குல 4கே 138. 27 அங்குல 4கே 163, பிக்சல் அகலம் 0.156 மி.மீ., அதாவது 60 செ.மீ.யில் கண் பிரிக்கும் எல்லைக்கு உள்ளே. உங்கள் வேலைக்கு நான் 27 அங்குல 4கே ஐபிஎஸ்ஸைத்தான் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை) சொல்வேன். எக்செல், மின்னஞ்சல் என்று இருந்தால் 1440பி போதும் என்றிருப்பேன். பிடிஎஃப் விஷயம் வேறு, அதில் எழுத்தை அந்தச் செயலியே வரைகிறது, விண்டோஸின் எழுத்துக் கூர்மைப்படுத்தல் அங்கே முழுதாக உதவாது. பிக்சல் அடர்த்தி மட்டுமே கைகொடுக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. 27 அங்குலத் திரையின் காட்சிப் பகுதி 59.8 × 33.6 செ.மீ. இரண்டு ஏ4 பக்கங்களை அருகருகே அச்சில் உள்ள அதே அளவில் வைத்தாலும் மேலே கருவிப்பட்டைக்கு நான்கு செ.மீ. மிச்சம் இருக்கும். 24 அங்குலத்தின் உயரம் 29.9 செ.மீ., ஏ4 தாளே 29.7.

நீல ஒளிச் சான்றுக்காகக் கூடுதலாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். திரையால் வரும் கண் சோர்வுக்கு நீல ஒளி காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் கணினி வேலைக்கென்று நீல ஒளி தடுக்கும் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு 17 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. அந்தக் கண்ணாடிகளால் குறுகிய காலத்தில் கண் சோர்வு குறைவதாக அதில் தெரியவில்லை. இரவில் திரையை மஞ்சளாக்குவது இதமாக இருந்தால் விண்டோஸின் நைட் லைட் போதும், அதற்குக் காசில்லை. பெட்டியில் தேட வேண்டிய சொல் 'ஃபிளிக்கர் ஃப்ரீ' (திரை விளக்கு துடிக்காதது).

வளைவு 34 அங்குல அகலத் திரையில் ஓரங்களைக் கண்ணுக்குச் சமதூரத்தில் கொண்டுவரும். 27இல் அந்தப் பயன் மிகச் சிறியது, பக்க அமைப்பின் நேர்கோடுகள் வளைந்து தெரிவதுதான் மிச்சம். உங்களுக்கு வேண்டாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து சொல்லுங்கள். கைப்பேசிக் கேமராவில் புரோ பயன்முறைக்குப் போய் ஷட்டரை 1/2000 ஆக்குங்கள், படம் இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம், கேமராவில் வேறெதுவும் தெரியாத அளவுக்கு நெருக்கமாக. பிரைட்னஸ் 100, 50, 30, 0 ஆகிய நான்கிலும் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று பொருள்.

---

மூக்குக்கண்ணாடி_பிரிக்பீல்ட்ஸ்:

மேலே தம்பி சொன்னது சரி. ஆனால் புரோகிரசிவ் கண்ணாடியைத் தொடாமல் திரையை மட்டும் மாற்றினால் பாதி வலி அப்படியே நிற்கும்.

புரோகிரசிவ் வில்லையில் மேல் பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி புத்தகத்துக்கு. 60 செ.மீ. தொலைவுக்கு உரியது நடுவில் உள்ள ஒடுங்கிய பட்டை. திரை உயரமாக இருந்தால் அந்தப் பட்டை வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குகிறோம், கழுத்தின் பின்புறம் இறுகுகிறது. நெற்றிப்பொட்டு வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொதுவாகத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்பார்கள். புரோகிரசிவ் போட்டவர் அதைவிட ஐந்து முதல் எட்டு செ.மீ. தாழ்த்தி, மேல்விளிம்பைப் பின்னால் 10 முதல் 20 பாகை சாய்க்க வேண்டும். விலை குறைந்த மானிட்டர்களின் நிற்பான் சாயும், தாழாது. உயரம் மாறும் நிற்பான் உள்ளதை எடுங்கள், அல்லது பின்புறம் 100 × 100 மி.மீ. வெசா துளை (மானிட்டரைத் தாங்கும் கையைத் திருகும் துளைகள்) இருக்கிறதா என்று பார்த்து ஒரு மானிட்டர் கை வாங்கிப் பூட்டுங்கள். துளை இல்லாத மாடல்களும் விற்பனையில் இருக்கின்றன, வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் கணினிக்கென்று தனிக் கண்ணாடி போடுவதே நல்லது. பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டிடம் போகும்போது கண்ணிலிருந்து திரைக்கு எத்தனை செ.மீ., திரை மையம் கண் மட்டத்திலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்ற இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். இந்த எண்கள் இல்லாமல் அவர் பொதுவான தூரத்துக்குத்தான் பவர் எழுதுவார். புது மானிட்டர் வந்து, அதன் இடம் உறுதியான பிறகு அளந்துகொள்ளுங்கள். முன்னதாகப் போட்டால் இரண்டு செலவாகிவிடும்.

எரிச்சலுக்கு வருவோம். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது, பாதி இமைப்பாகவும் ஆகிறது. கண்ணீர்ப் படலம் உடைந்து காய்கிறது. அதன் மேல் ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடித்தால் மாலைக்குள் எரியாமல் என்ன செய்யும்? காற்றுத் தடுப்பை மேல் நோக்கித் திருப்பிவிடுங்கள், ஸ்விங்கை நிறுத்துங்கள். திரையைத் தாழ்த்துவது இங்கும் உதவும். கீழ்நோக்கிப் பார்க்கையில் இமை சற்று இறங்கி, காற்றுப்படும் பரப்பு குறையும். புகைமூட்ட மாதங்களில் இது இன்னும் முக்கியம். சொட்டு மருந்து அடிக்கடி தேவைப்பட்டால் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரைக் கேட்டு வாங்குங்கள், 'சிவப்பு போக்கும்' சொட்டு வேண்டாம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்போது முழுதாக, மெதுவாகப் பத்து முறை இமையுங்கள். இரட்டையாகத் தெரிவது, மின்னல் கீற்று, திடீர் மங்கல் இருந்தால் மானிட்டர் பேச்சை விட்டுவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

---

செந்தூல்_மெய்ப்பு:

சோதனை செய்தேன். 100இல் பட்டை இல்லை. 50இல் மெல்லிய பட்டைகள், 30இல் அகலமான கறுப்புப் பட்டைகள், 0இல் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. ஆனால் அறை விளக்கும் கேமராவில் துடிக்கிறது. எது எதன் துடிப்பு என்று எப்படிப் பிரிப்பது?

---

பாயான்_லெப்பாஸ்:

பிரைட்னஸை மாற்றும்போது பட்டையின் அகலமும் மாறுகிறதே, அதுவே போதும். அறை விளக்குக்கு உங்கள் மானிட்டரின் பட்டன் தெரியாது. உறுதி செய்ய விளக்கை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதையும் மாற்றிவிடுவது நல்லது.

உங்கள் மானிட்டர் பிடபிள்யூஎம் முறையில் மங்குகிறது. வெளிச்சத்தைக் குறைப்பதற்குப் பதில் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. 30இல் அணைந்திருக்கும் நேரமே அதிகம். பழைய மானிட்டர்களில் இது நொடிக்கு 200, 240 முறை அளவில் நடப்பது வழக்கம். கண் அதைத் துடிப்பாக உணராது, ஆனால் வரியிலிருந்து வரிக்குத் தாவும்போது எழுத்தின் விளிம்பு சிதறும், சிலருக்குத் தலைவலி வரும். முழுதாக அணைந்து எரியும் விளக்குக்கு 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆபத்து குறைவு, 3,000க்கு மேல் பாதிப்பே தெரியாது என்பது ஐஇஇஇ என்ற மின்னியல் பொறியாளர் அமைப்பின் 1789 எண்ணுள்ள 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. நேர்மின்னோட்டத்தால் மங்கும் மானிட்டரில் இந்தச் சிக்கலே எழாது.

புதியது வரும்வரை ஒரு வழி: பிரைட்னஸை 100க்கு ஏற்றிவிட்டு, மானிட்டர் மெனுவில் கான்ட்ராஸ்டைக் குறைத்து வெள்ளையை அடக்குங்கள். கறுப்பு கொஞ்சம் வெளிறும். விஏ பேனலின் மாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000:1 அளவு என்பதால் அந்த இழப்பு தாங்கும்.

---

லோயாட்_சுற்றி:

கடைக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். லோயாட் பிளாசாவோ, பிஜே (பெட்டாலிங் ஜெயா) செக்‌ஷன் 14 டிஜிட்டல் மாலோ, பினாங்கில் கொம்தார் பக்கமோ, எங்கே போனாலும் காட்சிக்கு ஓடும் விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரைட்னஸ் 100இல் வண்ணமயமான படம் எந்தப் பேனலிலும் அழகாகத்தான் இருக்கும்.

யுஎஸ்பி விரலியில் உங்கள் மெய்ப்புப் பக்கம் ஒன்றை, சிறிய எழுத்தும் அடிக்குறிப்பும் உள்ளதாக எடுத்துப் போங்கள். கடையின் கணினியில் திறக்கச் சொல்லி, ஒரே பக்கத்தை 1440பியிலும் 4கேயிலும் அச்சளவில் வைத்து, 60 செ.மீ. தள்ளி நின்று 'கீழ்க்கண்ணி', 'எண்ணெய்' போன்ற சொற்களைப் பாருங்கள். ஐந்து நிமிடம் வாசியுங்கள், கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். பிறகு பிரைட்னஸை 20க்கு இறக்கிக் கேமராச் சோதனை. கேமரா இல்லாவிட்டாலும் வெள்ளைத் திரைக்கு முன் பேனாவை வேகமாக விசிறுங்கள்: ஒரே மங்கலான நிழலாகத் தெரிந்தால் நல்லது, பல பேனாக்கள் விரல்விட்டு எண்ணும்படி தெரிந்தால் வேண்டாம். கடைசியில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் பக்கங்களை முழுத்திரையில் வைத்துச் செத்த பிக்சல் உண்டா என்று பாருங்கள். காட்சிப் பெட்டியில் பார்த்தது போதாது, உங்களுக்குத் தரும் பெட்டியைப் பிரித்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

திரைப்பூச்சு மேட்டாக இருக்கட்டும். குறைந்தபட்ச வெளிச்சத்தையும் பாருங்கள். சில எச்டிஆர் (கூடுதல் வெளிச்ச வீச்சுள்ள) மானிட்டர்கள் 0இலும் 80, 100 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) கீழே இறங்குவதில்லை, இரவில் வேலை செய்பவருக்கு அது கூசும்.

1,200 வெள்ளிக்குள் தொடக்கநிலை 27 அங்குல 4கே ஐபிஎஸ் கிடைக்கும், விலை மெகா சேல் தேதிகளில் இறங்கும். இணையத்தில் வாங்கினால் மலேசிய உத்தரவாதமா, இறக்குமதி செட்டா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முள் பிளக் வராமல் அடாப்டர் வந்தால் அது பெரும்பாலும் இறக்குமதி செட். கடை பின்வாங்கினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். எழுத்தில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

---

செந்தூல்_மெய்ப்பு:

நன்றி. 4கே ஐபிஎஸ் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கடையில் ஓஎல்இடியை (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) தள்ளுபடியில் தருவதாகச் சொன்னார்கள், கறுப்பு முழுக் கறுப்பு என்று. எழுத்து வேலைக்கு ஆகுமா? என் மடிக்கணினி 2016 மாடல், ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு.

---

கம்போசிங்_பட்டர்வொர்த்:

ஓஎல்இடி வேண்டாம் அக்கா, இந்த வேலைக்கு வேண்டாம். பல ஓஎல்இடி மானிட்டர்களில் சிவப்பு-பச்சை-நீலத் துணைப்பிக்சல்கள் (ஒரு பிக்சலுக்குள் உள்ள நிறக் கட்டங்கள்) வழக்கமான வரிசையில் இல்லை. விண்டோஸின் எழுத்துக் கூர்மைப்படுத்தல் வசதியான கிளியர்டைப் அந்த வழக்கமான வரிசையை நம்பித்தான் எழுத்தின் விளிம்பைத் தீட்டுகிறது. விளைவு, எழுத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பு, பச்சைக் கசிவு. மெல்லிய கொம்பும் புள்ளியும் முதலில் அடிபடும். நாள் முழுக்க வெள்ளைப் பக்கமும் அசையாத கருவிப்பட்டையும் இருந்தால் அவற்றின் தடம் திரையில் நிலையாகப் பதியும் கவலையும் உண்டு.

மடிக்கணினிதான் இப்போது முக்கியம். ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேயில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும். சுட்டி இழுபடும், பக்கம் உருளும்போது எழுத்து தெறிக்கும், வாங்கிய நோக்கமே கெடும். 60 ஹெர்ட்ஸுக்கு ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். 2016 மாடல்களில் பலவற்றில் 1.4தான். உங்கள் மாடலின் விவரப்பக்கத்தைப் பாருங்கள், அல்லது மடிக்கணினியையே கடைக்குத் தூக்கிப்போய் மாட்டிப் பாருங்கள். 30தான் வருகிறது, இப்போது கணினி மாற்ற முடியாது என்றால் 27 அங்குல 1440பியை எடுத்துக்கொண்டு, பிடிஎஃப்பை 125 விழுக்காட்டில் பார்ப்பதே மேல்.

மாட்டிய பிறகு செய்ய வேண்டியவை. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கேலிங் (எழுத்தின் பெருக்கம்) 150 விழுக்காடு. மானிட்டர் மெனுவில் ஷார்ப்னஸ் நடுநிலையில் இருக்கட்டும், கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். டைனமிக் கான்ட்ராஸ்டை அணையுங்கள், பக்கம் மாறும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் அதுதான். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் நிற வடிவம் ஆர்ஜிபி, வீச்சு ஃபுல் என்று இருக்கிறதா பாருங்கள். ஹெச்டிஎம்ஐயில் சில நேரம் கணினி மானிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்து 4:2:2 (நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் வடிவம்) அனுப்பும், அப்போது சிவப்பு மையால் போட்ட திருத்தக் குறிகள் மட்டும் கலங்கித் தெரியும். மெய்ப்புக்காரருக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. கடைசியாக ஸ்டார்ட்டில் கிளியர்டைப் என்று தேடி அந்த ஐந்து படிகளையும் முடியுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் வாசித்தால் ஒரு வார்த்தை: 2018இல் வந்த மொஹாவி என்ற இயங்குதளப் பதிப்பு முதல் மேக்கில் துணைப்பிக்சல் கூர்மைப்படுத்தல் இயல்பாகக் கிடையாது. 109 பிக்சல் திரையில் தமிழ் மங்கலாகவே இருக்கும், எழுத்துரு எதுவானாலும். நம் கோலாலம்பூர் முத்து நெடுமாறன் வடிவமைத்த, மேக்கோடு வரும் இணைமதி அருமையான எழுத்துரு, அதன் சுழிகளைப் பார்க்கவும் 4கே வேண்டும்.

---

பாயான்_லெப்பாஸ்:

ஒன்று விட்டுப்போனது, ஜன்னல். மேசை மேற்கு ஜன்னலைப் பார்த்து இருக்கிறது என்றீர்கள். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கில் கோலாலம்பூர், ஆண்டு முழுக்க மாலை வெயில் அந்த ஜன்னலுக்குள்தான் இறங்கும், ஏழு மணி வரைக்கும். திரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நிட் வெளிச்சம், திரையில் நூறு. கண்ணின் பாவை அந்த வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது, எழுத்து இருண்டுபோகிறது. ஐந்து மணிக்குத் தொடங்கும் தொல்லைக்கு இது நேரமும் பொருந்துகிறது. மேசையை 90 பாகை திருப்பி ஜன்னலைப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். முதுகுக்குப் பின்னால் வேண்டாம், திரையில் பிரதிபலிக்கும்.

பிரைட்னஸை எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள். திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெறும் ஏ4 தாளைப் பிடியுங்கள். திரை விளக்குப் பெட்டி மாதிரி எரிந்தால் அதிகம், தாளைவிட அழுக்காகத் தெரிந்தால் குறைவு. 400 லக்ஸ் வெளிச்சமுள்ள மேசையில் வெள்ளைத் தாளின் பிரகாசம் சுமார் 100 நிட். பெரும்பாலான மானிட்டர்களில் அது 20க்கும் 35க்கும் இடையே எங்கோ விழும். காலை, மாலை, இரவு மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ட்விங்கிள் ட்ரே என்ற இலவசச் செயலி இருந்தால் மானிட்டர் பட்டனைத் தடவ வேண்டாம், திரைக் கீழ்ப்பட்டையிலிருந்தே மாற்றலாம். மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ (கணினியிலிருந்து மானிட்டரைக் கட்டுப்படுத்த விடும் வசதி) இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

பழைய விஏவை இரண்டாம் திரையாக வைக்க எண்ணினால், மேலே சொன்னபடி 100இல் ஓட்டிக் கான்ட்ராஸ்டைக் குறைத்து, அதன் வெள்ளை புதியதன் வெள்ளையோடு ஒத்துப்போகும் வரை சரிசெய்யுங்கள். ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் தலையைத் திருப்பும்போதெல்லாம் கண் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். அகராதியும் மின்னஞ்சலும் மட்டும் அதில் இருக்கட்டும்.